பவர் பத்தலைனு பிக்கப்பை மாத்தப் போறீங்களா... இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க பாஸ்!

கோத்தகிரி மலைப்பாதை. பின்னாடி முழு லோடு. ரெண்டாவது கியர்ல இருந்து ஒண்ணாவது கியருக்கு இறங்கி, ஆக்ஸிலரேட்டரை அமுக்கின அமுக்குல கால் நடுங்குது. வண்டி மட்டும் நடந்துபோற ஆள் வேகத்துல முனகிட்டுப் போகுது. பின்னாடி ஹாரன் மேல ஹாரன். வளைவு முடிஞ்சதும் ஒரு பெரிய பிக்கப் உங்களை அநாயாசமா தாண்டிப் போகுது. அந்த நிமிஷம் மனசுல ஒரு குரல்... ''இந்தக் குட்டி யானையைத் தள்ளிட்டு, பெரிய இன்ஜின் வண்டி எடுத்துடணும்டா!''

சொந்தமா பிக்கப் ஓட்டுற எல்லாருக்கும் இந்தக் குரல் கேட்டிருக்கும். அது சொல்றது சரியாவும் இருக்கலாம், உங்களை அஞ்சு வருஷ இ.எம்.ஐ-ல மாட்டிவிடவும் செய்யலாம். எது உங்க கதைன்னு ஷோரூம் வாசல் மிதிக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு மாசப் பொறுமை இருந்தா போதும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி கோத்தகிரி பக்கம் பழைய டீசல் ஏஸ் ஓட்டுறார். கேரட், பீட்ரூட் ஏத்திக்கிட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவார். திரும்பி ஏறும்போது உர மூட்டை, மளிகை, சில நாள் சிமென்ட். அம்மா நகையை அடகு வெச்சு முன்பணம் கட்டி, பெரிய வண்டி எடுத்துடலாம்னு முடிவே பண்ணிட்டார். ''வண்டி இழுக்க மாட்டேங்குதுண்ணா'' - அவர் சொன்ன ஒரே காரணம் இதுதான். அவர் என்ன செஞ்சார்னு கடைசியில சொல்றேன். முதல்ல, 'இழுக்க மாட்டேங்குது'ன்னா என்னன்னு பார்ப்போம்.

டார்க் வேற, பவர் வேற!

பிரோஷர்ல ரெண்டு நம்பர் இருக்கும். ஒண்ணு பிஹெச்பி, அதாவது பவர். இன்னொண்ணு என்எம், அதாவது டார்க். ஏர் மாடு ஒரு மரக்கட்டையை அசைச்சு இழுக்குற பலம் இருக்கே, அது டார்க். அதே கட்டையை எவ்வளவு வேகமா இழுத்துட்டுப் போகுதுங்கிறது பவர். கியரைக் குறைச்சா சக்கரத்துல பலம் கூடும். ஆனா, வேகம் போயிடும். சின்ன இன்ஜின் வண்டியும் மலை ஏறும், ஆனா மெதுவாத்தான் ஏறும்ங்கிறதுக்குக் காரணம் இதுதான்.

2005-ல டாடா ஏஸ் அறிமுகமானப்போ அதுல இருந்தது 702 சிசி, ரெண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். பவர் 16 பிஹெச்பி. லோடு 750 கிலோ. 2011-ல வந்த அசோக் லேலாண்ட் தோஸ்த் 1.5 லிட்டர், மூணு சிலிண்டர் டர்போ டீசலோட ஒண்ணேகால் டன் ஏத்துச்சு. மஹிந்திரா பொலேரோ பிக்கப்ல இருக்கிறது 2.5 லிட்டர், நாலு சிலிண்டர் டர்போ டீசல். மாடலைப் பொறுத்து 75 பிஹெச்பி அளவுக்கு பவர், 200 என்எம் அளவுக்கு டார்க். பேப்பர்ல பார்த்தா ஏஸைவிட நாலு மடங்குக்கும் மேல.

சரி, மலையில எவ்வளவு பவர் வேணும்? லோடோட சேர்த்து வண்டி 1,600 கிலோன்னு வெச்சுப்போம். 100 மீட்டர் போனா 8 மீட்டர் உயர்ற ஏத்தம். 20 கிமீ வேகத்துல ஏறணும். புவியீர்ப்பு, டயர் உராய்வு ரெண்டையும் ஜெயிக்க சக்கரத்துல சுமார் 11 பிஹெச்பி வேணும். கியர்பாக்ஸ், கிரவுன்ல கொஞ்சம் வீணாகும். ஆக, இன்ஜின் சுமார் 13 பிஹெச்பி கொடுத்தாகணும். இருக்கிறதே 16!

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. மேல போகப் போகக் காத்து லேசாகிடும். ஊட்டி உயரமான சுமார் 2,240 மீட்டர்ல காத்தோட அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் இழுக்குற காத்தும் அதே அளவு குறையும், பவரும் இறங்கும். 16-ல அஞ்சுல ஒரு பங்கு போனா மிச்சம் 13-க்கும் கொஞ்சம் கம்மிதான். டர்போ இன்ஜின் காத்தை அமுக்கி உள்ளே தள்ளுறதால இந்த அடி அவ்வளவா விழாது. நீங்க தினமும் மலை ஏறுறவரா இருந்தா, பிஹெச்பி நம்பரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி 'டர்போ இருக்கா'ன்னு பாருங்க. நாமக்கல், ஈரோடு மாதிரி சமவெளியில மட்டும் ஓட்டுறவருக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

வண்டிக்கு வயசா... வைத்தியமா?

புதுசா எடுத்தப்போ ஏறின அதே ஏத்தத்துல இப்போ திணறுதா? அப்போ பிரச்னை இன்ஜின் சைஸ்ல இல்ல, உடம்புல இருக்கலாம். மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி நீங்களே நாலு விஷயம் பார்க்கலாம்.

ஒண்ணு... ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி வேகம் ஏறலையா? கிளட்ச் வழுக்குது. என்ன பெரிய இன்ஜினா இருந்தாலும் இதே கதைதான்.

ரெண்டு... புகை கரு கருன்னு வருதா? டீசலுக்குத் தேவையான காத்து போகலை. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், இன்ஜெக்டர் போயிருக்கலாம், இல்ல ஓவர்லோடா இருக்கலாம்.

மூணு... கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தி, வீல் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோங்க. தொட வேண்டாம், சூடா இருக்கும். ஒரு சக்கரத்துல மட்டும் அனல் அடிச்சா, பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுது. இன்ஜினோட உழைப்பைப் பிரேக் தின்னுட்டிருக்கு.

நாலு... டயர்ல காத்து. லோடு வண்டியில காத்து குறைஞ்சா உருட்டவே இன்ஜின் கஷ்டப்படும், டயரும் சூடாகும்.

இந்த வேலைகளுக்கு ஆகுற செலவு, நிச்சயம் ஒரு புது வண்டியோட முன்பணம் அளவுக்கு வராது. வித்துத் தள்ளுறதா இருந்தாலும், நல்லா ஓடுற வண்டிக்குத்தான் நல்ல விலை. எப்படிப் பார்த்தாலும் முதல் வேலை இதுதான்.

பவர் இருந்தா லோடு ஏத்தலாமா?

இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. ஒரு வண்டி எவ்வளவு சுமக்கலாம்னு முடிவு பண்றது இன்ஜின் மட்டும் இல்ல. சேஸி, பட்டை ஸ்பிரிங், ஆக்ஸில், டயர், எல்லாத்துக்கும் மேல பிரேக். ஆர்.சி புக்கை எடுங்க. மொத்த எடைன்னு ஒரு நம்பர் இருக்கும். வெறும் வண்டி எடைன்னு இன்னொண்ணு இருக்கும். முதல் நம்பர்ல இருந்து ரெண்டாவதைக் கழிச்சா வர்றதுதான் நீங்க ஏத்தலாம். டிரைவர், கிளீனர் உடம்பு எடையும் அதுலதான் சேரும். கூண்டு கட்டியிருந்தா அந்த இரும்போட எடையும் உங்க லோடுல இருந்து போகும்.

அதைத் தாண்டி ஏத்தினா? 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். அதுக்கு மேல, கூடுதலா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கி வெச்சுட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும். ஒரு மாச லாபம் ஒரே செக்போஸ்ட்ல போயிடும்.

மலையில அபராதத்தைவிடப் பெரிய பயம் இறக்கம். யோசிச்சுப் பாருங்க, காய்கறி வண்டிக்கு லோடு இருக்கிறது இறங்கும்போதுதான். இறங்கும்போது வண்டியைக் காப்பாத்துறது பிரேக்கும், கியர்ல கிடைக்கிற இன்ஜின் பிரேக்கிங்கும். 'எந்த கியர்ல ஏறுனியோ, அதே கியர்ல இறங்கு'ன்னு பழைய டிரைவர்கள் சொல்றது சும்மா இல்ல. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா லைனிங் சூடேறி, ஒரு கட்டத்துல மிதிச்சாலும் பிடிக்காது. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறது இன்னும் ஆபத்து.

அதனால, நீங்க அடிக்கடி ஓவர்லோடு ஏத்தறவரா இருந்தா, உங்களுக்குத் தேவை 'பவரான இன்ஜின்' இல்ல. அந்த எடையைச் சுமக்கவும் நிறுத்தவும் கட்டின வண்டி. ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஆனா ஒண்ணு இல்ல.

''அப்போ இன்ஜினை மட்டும் பெருசா மாத்திக்கலாமே?''னு சிலர் கேப்பாங்க. வேண்டாம் பாஸ். வண்டி தயாரிச்சப்போ இருந்த விவரத்தை மாத்துற வேலைக்கு ஆர்டிஓ அனுமதி வேணும். அனுமதி இல்லாம மாத்தினா ஓனருக்கு 6 மாசம் வரை சிறை, இல்ல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ரெண்டுமே கிடைக்கலாம். ஆர்.சி-ல ஒரு இன்ஜின் நம்பர், வண்டியில வேற நம்பர்னா இன்ஷூரன்ஸ் கிளெய்ம்லயும் சிக்கல். சட்டத்தை விடுங்க... 16 பிஹெச்பி-க்குச் செஞ்ச கியர்பாக்ஸும் பிரேக்கும் 75 பிஹெச்பி-யை எப்படித் தாங்கும்?

இப்போ காசு கணக்கு!

வைத்தியம் பார்த்தாச்சு, இன்னமும் பெரிய வண்டி வேணும்னு தோணுது. சரி, நோட்டை எடுங்க. நான் போடுறது ஒரு மாதிரிக் கணக்கு. உங்க நம்பரைப் போட்டு நீங்களே மாத்திக்கோங்க.

கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிமீ. போக வர 66. மாசம் 25 நாள் ஓட்டம். அதுல 14 நாள் ரெண்டு டிரிப், 11 நாள் ஒரு டிரிப். மொத்தம் 39 டிரிப், சுமார் 2,600 கிமீ. சின்ன வண்டி லிட்டருக்கு 15 கிமீ, பெரிய வண்டி 11 கிமீ கொடுக்குதுன்னு வெச்சுப்போம். டீசல் 93 ரூபாய்.

பழைய வண்டியைக் கொடுத்து, மிச்சத்துக்கு 7 லட்சம் கடன் வாங்குறீங்க. 11 சதவிகித வட்டி, 5 வருஷம். இ.எம்.ஐ சுமார் 15,200 ரூபாய். 5 வருஷத்துல வட்டி மட்டும் 2 லட்சத்தைத் தாண்டும். இன்ஷூரன்ஸ், டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து மாசம் 2,500 ரூபாய் கூடும்னு போடுவோம்.

முதல் நிலைமை: பெரிய வண்டி எடுத்தும் அதே 39 டிரிப் அடிக்கிறீங்க, ஏன்னா சரக்கு அவ்வளவுதான் கிடைக்குது. டீசல் செலவு மாசம் 5,900 ரூபாய் கூடும். எல்லாம் சேர்த்து கூடுதல் செலவு சுமார் 23,600 ரூபாய். ஓடுற ஒவ்வொரு நாளும் 940 ரூபாய்க்கு மேல அதிகமா சம்பாதிச்சாத்தான் பழைய நிலைமையிலயே நிப்பீங்க. அரை வண்டி லோடுக்கு முழு வண்டி டீசல் போடுறதுங்கிறது இதுதான்.

ரெண்டாவது நிலைமை: ரெண்டு டிரிப் அடிச்ச நாள்ல இப்போ ஒரே டிரிப்புல வேலை முடியுது. 39 டிரிப் 25 ஆகுது. 1,650 கிமீதான் ஓட்டம். மைலேஜ் குறைவா இருந்தும் டீசல் செலவு மாசம் சுமார் 2,150 ரூபாய் குறையுது! கூடுதல் செலவு 15,500 ரூபாய்க்கு இறங்கிடும். அதுமட்டுமில்ல, 14 நாள்ல அரை நாள் கையில மிச்சம். அந்த அரை நாள்ல செலவு போக 1,100 ரூபாய் நிக்கிற மாதிரி ஒரு வாடகை கிடைச்சா கணக்கு சரியாகிடும். அதுக்கு மேல வர்றது லாபம்.

பார்த்தீங்களா? ரெண்டுலயும் அதே வண்டி, அதே இன்ஜின், அதே கடன். முடிவை மாத்துறது பிஹெச்பி இல்ல, டிரிப் எண்ணிக்கை. அதனாலதான் ஒரு மாசம் நோட்டு போடச் சொல்றேன். தேதி, எத்தனை டிரிப், ஏறும்போது என்ன லோடு, இறங்கும்போது என்ன லோடு, சரக்கு இருந்தும் இடம் இல்லாம விட்ட வாடகை எத்தனை... இந்த அஞ்சு காலம் போதும். சீசன்ல மட்டும் எழுதிட்டு, வருஷம் முழுக்க இப்படித்தான்னு நினைச்சுடாதீங்க. இ.எம்.ஐ-க்கு சீசன் கிடையாது. வருஷத்துல ரெண்டு மாசம்தான் சரக்கு பொங்குதுன்னா, அந்த ரெண்டு மாசம் பெரிய வண்டியை வாடகைக்குப் பிடிக்கிறது மலிவு.

ஒரேயடியா பெரிய வண்டிக்குத் தாவணும்னு அவசியமும் இல்ல. தோஸ்த், டாடா இன்ட்ரா வி30 மாதிரி நடுவுல நிக்கிற வண்டிகள் சுமார் 70 பிஹெச்பி, ஒண்ணேகால் டன்னுக்கு அக்கம்பக்கம் லோடுன்னு வருது. பல பேருக்கு அதுவே தாராளம்.

மாத்துறதுன்னு முடிவா? இதையும் பாருங்க

பர்மிட்: மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லைன்னு மோட்டார் வாகனச் சட்டமே சொல்லுது. ஏஸ் ஓட்டுறவருக்கு இந்தக் கவலையே இருந்திருக்காது. பெரிய பிக்கப்களோட சில மாடல் இந்த எல்லைக்கு உள்ள, சிலது வெளிய. வாங்குறதுக்கு முன்னாடி மொத்த எடையைக் கேளுங்க.

லைசென்ஸ்: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உள்ள இருந்தா, எல்.எம்.வி லைசென்ஸே போதும்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாச் சொல்லிடுச்சு. பிக்கப் எல்லாம் இதுக்குள்ளதான்.

விலை: 2025 செப்டம்பர் 22-ல இருந்து சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி 28-ல இருந்து 18 சதவிகிதமா குறைஞ்சது. சந்தோஷம்தான். ஆனா புது வண்டி விலை இறங்கினா, உங்க பழைய வண்டிக்குக் கேட்குற விலையும் இறங்கும். ஷோரூம்ல 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்'னு ஒரு தொகை சொல்வாங்க. பழைய வண்டிக்கு என்ன விலை, போனஸ் எவ்வளவுன்னு தனித்தனியா எழுதி வாங்குங்க. வெளியில ரெண்டு இடத்துல விலை கேட்டுட்டுப் போனா பேரம் பேசத் தைரியம் வரும்.

பேர் மாத்துறது: பழைய வண்டியைக் கைமாத்தும்போது ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து போட்டுக் கொடுத்ததோட வேலை முடியலை. ஆர்.சி-ல உங்க பேர் இருக்கிறவரை விபத்து நடந்தா பொறுப்பு உங்க மேலதான்னு 2018-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பேர் மாறிடுச்சான்னு பரிவாஹன் தளத்துல நீங்களே பாருங்க.

டெஸ்ட் டிரைவ்: காலி வண்டியை பைபாஸ்ல ஓட்டிப் பார்த்தா எல்லா வண்டியும் பறக்கும். உங்க லோடோட, உங்க ஏத்தத்துல ஓட்டிப் பார்க்கணும்னு கேளுங்க. முக்கியமா, இறக்கத்துல. அப்புறம் உங்க தோட்டத்து மண்பாதையிலயும் வீட்டுச் சந்துலயும் திருப்பிப் பாருங்க. ஏஸ் திரும்புற இடத்துல நீளமான பிக்கப் திரும்பாது.

அந்தத் தம்பி என்ன பண்ணினார்?

முதல்ல கிளட்ச் பார்த்தார். தேஞ்சு போயிருந்தது. ஏர் ஃபில்டரும் சேர்த்து மாத்தினதும் பாதிக் குறை போச்சு. ''அண்ணா, பழையபடி ரெண்டாவது கியர்லயே ஏறுது''ன்னு போன் பண்ணினார். அப்புறம் ஒரு மாசம் நோட்டு எழுதினார். சிமென்ட் ஏத்தின நாள் எல்லாமே ஓவர்லோடுன்னு அவருக்கே அப்போதான் உறைச்சது. ரெண்டு டிரிப் அடிச்ச நாளும் மாசத்துல பாதிக்கு மேல.

கடைசியில அவருக்குப் பெரிய வண்டி தேவைதான்னு நோட்டே சொல்லிடுச்சு. ஆனா, காரணம் மாறிடுச்சு. பவருக்காக இல்ல, ஒரே டிரிப்புல சரக்கை எடுக்கவும், இறக்கத்துல நம்பி பிரேக் மிதிக்கவும். அவசரமும் போயிடுச்சு. ஏஸ் நல்லா ஓடுறதால, இ.எம்.ஐ-க்குன்னு நினைச்ச தொகையை மாசாமாசம் தனியா எடுத்து வெச்சுட்டு வர்றார். அதைக் கட்ட முடியுதான்னு இப்பவே ஒரு ஒத்திகை, முன்பணமும் சேருது. அம்மா நகை பீரோவுலயே இருக்கு.

அடுத்த தடவை வளைவுல ஒரு பெரிய பிக்கப் உங்களைத் தாண்டிப் போகும்போது கடுப்பாகாதீங்க. அது முழு லோடுல போகுதா, காலியாப் போகுதான்னு பாருங்க. காலின்னா, அவருக்கும் இ.எம்.ஐ இருக்கும் பாஸ்!